பத்து வருடம் எங்கே இருந்தது இந்தப் புழு? சாட் நாட்டு நரம்புச் சிலந்தி: ஒரு நிகழ்வு ஆய்வு

2000 பிப்ரவரியில் உலக சுகாதார நிறுவனம் இந்தியாவுக்கு ஒரு சான்று கொடுத்தது: இந்த நாட்டில் நரம்புச் சிலந்தி என்ற புழு நோய் இனி இல்லை. அதே 2000-இல்தான் மத்திய ஆப்பிரிக்காவில் உள்ள சாட் நாடும் தன் கடைசி நோயாளிகளைப் பதிவேட்டில் எழுதியது. சாட்டுக்குச் சான்று கிடைக்கவில்லை என்றாலும், அடுத்தடுத்த வருடங்களின் கணக்கில் பூஜ்யம்தான் இருந்தது. இந்தியாவில் புழு திரும்ப வரவில்லை. சாட்டில் 2010-இல் பத்துப் பேரின் காலிலிருந்து வெளியே வந்தது.

அந்தப் பத்துப் பேரோடு கதை முடிந்திருந்தால் இதை எழுத வேண்டிய அவசியமே இருந்திருக்காது. 2012-இல் நாய்களின் காலிலிருந்தும் அதே மாதிரிப் புழு வெளிவருவதைப் பார்த்தார்கள். அந்த வருடம் கணக்கில் வந்த நாய்கள் 27. 2014-இல் 113. 2016-இல் ஆயிரத்தைத் தாண்டியது. 2019-இல் 1,900-க்கும் மேல். இதே காலத்தில் மனித நோயாளிகளின் எண்ணிக்கை பெரும்பாலும் வருடத்துக்குப் பத்து, பதினைந்து என்றே நின்றது. ஒரு நோய் மனிதர்களிடம் கிட்டத்தட்ட ஒழிந்த நேரத்தில் நாய்களிடம் ஓங்கி வளர்கிறது. இப்படி ஒன்றை ஒழிப்புத் திட்டம் தொடங்கியபோது யாரும் எதிர்பார்க்கவில்லை.

நோயைப் பற்றி

நரம்புச் சிலந்தியின் அறிவியல் பெயர் டிராகன்குலஸ் மெடினென்சிஸ். அது சிலந்தியும் இல்லை, நரம்போடு அதற்குச் சம்பந்தமும் இல்லை. நூல் மாதிரி இருக்கும் உருளைப்புழு. குளத்து நீரில் வாழும் சைக்ளோப்ஸ் என்ற நுண்ணிய ஓட்டுயிரியின் உடலுக்குள் இதன் இளம்புழு சுமார் இரண்டு வாரம் வளரும். அந்தத் தண்ணீரைக் குடித்தால் சைக்ளோப்ஸ் வயிற்றில் செரித்துப் போகும், இளம்புழு தப்பித்துக் குடற்சுவரைத் துளைத்து உள்ளே போய்விடும். ஆணும் பெண்ணும் உடலுக்குள்ளேயே கூடும். ஆண் புழு சில சென்டிமீட்டர்தான் இருக்கும், வந்த சுவடு தெரியாமல் செத்துப்போகும். பெண் புழு ஒரு மீட்டர் வரை வளர்ந்து, ஏறக்குறைய ஒரு வருடம் கழித்து, பெரும்பாலும் காலில் ஒரு கொப்புளத்தை உண்டாக்கி வெளியே தலை நீட்டும். எரிச்சல் தாங்காமல் காலைத் தண்ணீரில் வைத்ததும் ஆயிரக்கணக்கான இளம்புழுக்களை அந்தத் தண்ணீரில் கொட்டும். சுழற்சி மறுபடி தொடங்கும்.

மருந்து கிடையாது, தடுப்பூசியும் கிடையாது. வெளியே வந்த முனையை ஒரு குச்சியில் சுற்றி, நாளுக்குச் சில சென்டிமீட்டராக, அறுந்து போகாமல் இழுத்து எடுப்பதுதான் வைத்தியம். இருந்தாலும் 1986-இல் சுமார் 35 லட்சம் பேருக்கு இருந்த நோய், துணியில் வடிகட்டிய தண்ணீராலும் கிராமத் தொண்டர்களின் கண்காணிப்பாலும் சில பத்துப் பேர் என்ற அளவுக்குச் சுருங்கியது. முன்னாள் அமெரிக்க அதிபர் ஜிம்மி கார்ட்டர் நிறுவிய கார்ட்டர் மையம் இந்தப் பணியை முன்னின்று நடத்தியது. அந்த வெற்றி முழுக்க ஒரே ஓர் அனுமானத்தின் மேல் நின்றது: இந்தப் புழுவுக்கு மனிதன்தான் வீடு. மனிதனிடம் அறுத்துவிட்டால் வேறு போக்கிடம் இல்லை. நாய்களிடம் எப்போதாவது இந்தப் புழு தென்பட்டது பழைய குறிப்புகளில் உண்டு. அவற்றைத் தற்செயல் என்று ஒதுக்கி வைத்திருந்தார்கள்.

சாட்டில் உறுத்திய விஷயங்கள்

வழக்கமாக நரம்புச் சிலந்தி ஒரு கிராமத்தில் வந்தால் கொத்தாக வரும். ஒரே குளத்தில் தண்ணீர் எடுத்த இருபது, முப்பது பேருக்கு அடுத்த வருடம் ஒரே சமயத்தில் புழு வெளிவரும். குளத்தைக் கண்டுபிடிப்பதுதான் பாதி வேலை. சாட்டில் அப்படி நடக்கவில்லை. ஷாரி ஆற்றை ஒட்டிய கிராமங்களில் இங்கே ஒருவர், அங்கே ஒருவர் என்று நோயாளிகள் சிதறிக் கிடந்தார்கள். ஒரு வருடம் நோய் வந்த ஊரில் மறு வருடம் ஒன்றும் இல்லை. எல்லோருக்கும் பொதுவான ஒரு நீர்நிலை கிடைக்கவில்லை. களத்தில் வேலை செய்தவர்கள் 2014-இல் இதை எழுதியபோது ‘விசித்திரமான’ என்ற சொல்லைத் தலைப்பிலேயே போட்டார்கள்.

நாய்கள் கணக்கில் சேர்ந்ததும் மூன்று விளக்கங்கள் மேசைக்கு வந்தன. முதலாவது, பக்கத்து நாடுகளிலிருந்து புழு திரும்ப நுழைந்திருக்கலாம். சூடான் பக்கம் அப்போதும் நோய் இருந்தது, மேற்கே மாலியிலும் இருந்தது. இரண்டாவது, நாயில் இருப்பது வேறு இனமாக இருக்கலாம். இதே பேரினத்தில் வட அமெரிக்க ராக்கூன்களைத் தாக்கும் ஒரு புழு உண்டு. வெறும் கண்ணுக்குப் பெண் புழுக்களில் வித்தியாசம் தெரியாது. அது உண்மையானால் நாய்க் கணக்கை ஒழிப்புத் திட்டம் தன் தலையில் சுமக்கத் தேவையில்லை. திட்டத்தில் இருந்த பலருக்கும் மனசுக்குள் இந்த விளக்கம்தான் உண்மையாக இருக்க வேண்டும் என்று தோன்றியிருந்தால் அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். மூன்றாவது விளக்கம்தான் யாருக்கும் பிடிக்காதது: புழு எங்கேயும் போகவே இல்லை. பத்து வருடமும் சாட்டிலேயே இருந்தது. பார்க்க வேண்டிய இடத்தில் யாரும் பார்க்கவில்லை.

இந்த மூன்றில் எது என்று கிராமம் கிராமமாக விசாரித்துக் கண்டுபிடிக்க முடியாது. பத்து வருடத்துக்கு முன் உன் நாய்க்குக் காலில் புண் இருந்ததா என்று கேட்டால் யாருக்கு ஞாபகம் இருக்கும்? ஆனால் மூன்று விளக்கங்களும் புழுக்களின் மரபணுவில் மூன்று வெவ்வேறு தடங்களை விட்டுச் சென்றிருக்க வேண்டும். இந்த வழக்கில் எனக்கு மிகவும் பிடித்த இடம் இதுதான்.

ஒரு புது ஊருக்கு இரண்டு குடும்பங்கள் மட்டும் குடியேறின என்று வைத்துக்கொள்வோம். பத்து வருடம் கழித்து அங்கே போனால் ஐம்பது பேர் இருக்கலாம், ஆனால் முகஜாடை இரண்டே இரண்டுதான். அதற்கு மாறாக ஐம்பது பேரிடம் இருபது விதமான முகஜாடை இருந்தால், அது நேற்று முளைத்த ஊர் இல்லை. வெளியிலிருந்து ஓரிரு புழுக்கள் வந்து சாட்டில் பரவியிருந்தால் சாட்டுப் புழுக்களின் மரபணு வேறுபாடு குறைவாக இருக்க வேண்டும், கூடவே அவை வந்த நாட்டின் புழுக்களோடு ஒட்டி நிற்க வேண்டும். நாய்ப்புழு வேறு இனம் என்றால் குலமரம் வரைந்தால் நாய்ப்புழுக்கள் ஒரு கிளையிலும் மனிதப்புழுக்கள் இன்னொரு கிளையிலும் பிரிந்து நிற்க வேண்டும். புழு எங்கேயும் போகவில்லை என்றால் வேறுபாடு அதிகமாக இருக்கும், இரண்டும் கலந்தே கிடக்கும்.

மாதிரிகள், அவற்றின் தொல்லைகள்

ஆய்வுக்குக் கிடைப்பது ஆல்கஹாலில் போட்ட பெண் புழுத் துண்டுகள் மட்டும்தான். பொறுமையாகக் குச்சியில் சுற்றி எடுத்த புழு, வெயிலில் காய்ந்து, பாதி அழுகி, பல நாள் பயணம் செய்து ஆய்வகத்துக்கு வருகிறது. டி.என்.ஏ. சிதைந்திருக்கும். இன்னொரு தொல்லையும் உண்டு. வெளிவரும் பெண் புழுவின் உடல் கிட்டத்தட்ட முழுவதும் குஞ்சுகள் நிரம்பிய பை. அதிலிருந்து எடுக்கும் டி.என்.ஏ.-வில் தாயின் மரபணுவோடு, குஞ்சுகள் வழியாக, நாம் பார்த்தே இராத தகப்பன் புழுவின் மரபணுவும் கலந்து வரும். ஒரே புழுவைப் படிக்கிறோம் என்று நினைத்துக்கொண்டு ஒரு குடும்பத்தையே படித்துக்கொண்டிருப்போம்.

செல்லுக்குள் ஆற்றல் தயாரிக்கும் மைட்டோகாண்ட்ரியா என்ற உறுப்புக்கு இருக்கும் தனி டி.என்.ஏ. இந்த இடத்தில் கை கொடுக்கிறது. அது தாய்வழியாக மட்டுமே போகும். அதனால் தாய்க்கும் குஞ்சுக்கும் ஒரே வரிசைதான் இருக்கும், கலப்புக் குழப்பம் கிடையாது. ஒரு செல்லில் அதற்குப் பல நகல்கள் இருப்பதால் சிதைந்த மாதிரியிலும் எடுத்துவிடலாம். 2018-இல் வெளிவந்த முதல் விரிவான ஆய்வு மைட்டோகாண்ட்ரியாவின் சில பகுதிகளையும், அவற்றோடு மைக்ரோசாட்டிலைட் எனப்படும், ஒரே எழுத்துக்கோவை திரும்பத் திரும்ப வரும் இடங்களையும் படித்தது. சாட், எத்தியோப்பியா, மாலி, தெற்கு சூடான் ஆகிய நான்கு நாடுகளில்தான் அப்போது நோய் மிச்சம் இருந்தது. நான்கிலிருந்தும் மனிதர்களிடமிருந்தும் விலங்குகளிடமிருந்தும் எடுத்த புழுக்கள் சோதிக்கப்பட்டன. இரண்டு வருடம் கழித்து, புழுவின் மொத்த மரபணுத்தொகுதியையும் படித்த இன்னொரு ஆய்வு வந்தது. அது ஏறக்குறைய பத்துக் கோடி எழுத்துகள் கொண்ட தொகுதி.

கிடைத்த பதில்

இன விஷயம் சீக்கிரமே முடிந்தது. நாயில் இருந்தது மெடினென்சிஸ்தான். எத்தியோப்பியாவில் பபூன் குரங்குகளிடம் கிடைத்ததும் அதேதான். குலமரத்தில் நாய்ப்புழுவுக்குத் தனிக் கிளை இல்லை. ஒரு மனிதரின் காலில் இருந்த புழுவின் மைட்டோகாண்ட்ரியா வகை, ஒரு நாயின் காலில் இருந்ததோடு எழுத்துக்கு எழுத்து ஒத்துப்போனது. எந்த விலங்கில் இருந்து வந்தது என்பதைவிட எந்த ஊரில் இருந்து வந்தது என்பதுதான் ஒரு புழுவின் மரபணுவை அதிகம் தீர்மானித்தது. நாடுகளுக்கு இடையில் மட்டுமல்ல, ஒரே நாட்டுக்குள்ளும் அப்படித்தான்.

அடுத்தது வேறுபாட்டின் அளவு. சாட்டுப் புழுக்களின் மரபணு வேறுபாடு மற்ற மூன்று நாட்டுப் புழுக்களைவிடத் தெளிவாக அதிகமாக இருந்தது. இதைப் படித்ததும் எனக்கு உடனே எழுந்த சந்தேகம் உங்களுக்கும் எழலாம். சாட்டிலிருந்துதானே நிறைய மாதிரிகள் வந்தன? பெரிய வலை போட்டால் அதிக வகை மீன் சிக்கத்தானே செய்யும்? ஆய்வாளர்களும் இதை யோசித்திருந்தார்கள். சாட்டு மாதிரிகளிலிருந்து, மற்ற நாட்டு மாதிரிகளின் எண்ணிக்கைக்குச் சமமான சிறு கைப்பிடிகளைத் திரும்பத் திரும்ப எடுத்து ஒப்பிடும் கணக்கு ஒன்று உண்டு. அப்படிச் சமப்படுத்தியும் சாட் மேலேயே நின்றது. புழுத்தொகை பெரியதாகவும் அதிகம் ஏற்ற இறக்கம் இல்லாமலும் இருந்து வந்திருக்கிறது என்பதோடு தரவுகள் ஒத்துப்போயின. ஓரிரு புழுக்களில் தொடங்கிய கூட்டத்துக்கு இப்படி ஒரு முகம் இருக்காது.

மூன்றாவதாக, சாட்டுப் புழுக்கள் மாலியிலிருந்தோ எத்தியோப்பியாவிலிருந்தோ தெற்கு சூடானிலிருந்தோ வந்தவை இல்லை என்று குலமரம் காட்டியது. மரபணு சொன்னது இவ்வளவுதான் என்பதையும் இங்கே கவனிக்க வேண்டும். மாதிரி எடுக்கப்பட்ட மூன்று நாடுகளைத்தான் அது விலக்கியது. மாதிரியே இல்லாத ஏதோ ஓர் இடத்திலிருந்து ஒரு பெரிய கூட்டமாகப் புழு வந்திருக்கலாம் என்று யாராவது வாதாடினால் மரபணுவை மட்டும் வைத்து அவர் வாயை அடைக்க முடியாது. ஆனால் அவ்வளவு வகை கொண்ட கூட்டம் வேறெங்கோ ஒளிந்திருந்து மொத்தமாக இடம் பெயர்ந்தது என்பதைவிட, சாட்டிலேயே இருந்தது என்பது எளிய விளக்கம். நான் அந்தப் பக்கம்தான்.

அப்படியானால் 2000-க்கும் 2010-க்கும் இடையில் பதிவேட்டில் இருந்த பூஜ்யத்துக்கு என்ன அர்த்தம்? அது புழுவின் எண்ணிக்கை இல்லை. நம் கண்ணில் பட்டதன் எண்ணிக்கை. ஆற்றோரத்து நாயின் காலில் தொங்கும் நூலைப் பதிவேட்டில் எழுத வேண்டும் என்று அன்றைக்கு யாருக்கும் யாரும் சொல்லவில்லை. 2012-க்குப் பிறகு நாய்க் கணக்கு ஏறிய வேகத்தையும் கொஞ்சம் இந்தக் கண்ணோடுதான் படிக்க வேண்டும். 27 நாய் ஏழு வருடத்தில் 1,900 ஆனதில் எவ்வளவு உண்மையான பெருக்கம், எவ்வளவு தேடல் விரிந்ததால் வந்த பெருக்கம் என்று அந்த எண்களால் மட்டும் பிரித்துச் சொல்ல முடியாது. கண்காணிக்கும் கிராமங்கள் கூடின, தகவல் சொல்பவருக்குப் பணமும் கிடைத்தது. நாயைப் பற்றித் தகவல் சொல்லி, அதைக் கட்டியும் வைத்தால் 10,000 சி.எஃப்.ஏ. ஃபிராங்க் (சாட்டில் புழங்கும் பணம்), மனித நோயாளியைப் பற்றித் தகவல் சொன்னால் 50,000. பணம் கொடுத்தால் கணக்கு கூடுவது இயற்கை. இதில் தப்பு ஒன்றும் இல்லை, கொடுத்ததே அதற்காகத்தான்.

நாயிலிருந்து மனிதனுக்கா, மனிதனிலிருந்து நாய்க்கா?

பலர் அவசரப்படும் இடம் இது. இரண்டு கூட்டமும் ஒன்றே என்று மரபணு சொல்கிறது. யாரிடமிருந்து யாருக்கு என்று அது நேரடியாகச் சொல்லவில்லை. அந்த முடிவு மரபணுவையும் எண்ணிக்கையையும் சேர்த்து வைத்துப் பார்த்தால்தான் கிடைக்கும். ஒரே புழுக்கூட்டம், வருடத்துக்கு நாய் ஆயிரம், மனிதர் பதினைந்து, அந்த மனிதர்களும் தொடர்பு இல்லாமல் சிதறிக் கிடக்கிறார்கள். அவ்வளவு பெரிய, அவ்வளவு வேறுபாடு கொண்ட கூட்டத்தைப் பதினைந்து மனிதர்கள் தாங்கிப் பிடிக்க வழியில்லை. சுழற்சியை நடத்துவது நாய்தான், மனிதன் நடுவில் மாட்டிக்கொண்டவன். இதுவரை பாடப்புத்தகம் சொன்னதற்கு அப்படியே தலைகீழ்.

சரி, நாய்க்கு எப்படி வருகிறது? நாய் தண்ணீரை நக்கிக் குடிக்கும். நக்கும்போது நாக்கு கிளப்பும் அலையில் சைக்ளோப்ஸ் விலகிப் போகும், அதிகம் உள்ளே போகாது என்று ஒரு சந்தேகம் முன்பே இருந்தது. அதனால் ஆய்வாளர்கள் நாயின் சாப்பாட்டுப் பக்கம் திரும்பினார்கள். ஷாரி ஆற்றங்கரை மக்களுக்கு மீன்பிடிதான் பிழைப்பு. கோடையில் நீர் வற்றும் குட்டைகளில் மொத்தமாக மீன் அள்ளி, கரையிலேயே குடலை எடுத்து வீசுவார்கள். நாய்க்கு விருந்து. சைக்ளோப்ஸைத் தின்ற மீனுக்குள் இந்தப் பேரினத்து இளம்புழு உயிரோடு இருக்க முடியும் என்பதும், அந்த மீனைத் தின்ற விலங்குக்கு நோய் தொற்றும் என்பதும் ஆய்வகத்தில் ஃபெரெட் என்ற கீரி போன்ற பிராணியை வைத்து நிரூபிக்கப்பட்டது. தவளை இன்னும் மோசம். தலைப்பிரட்டையாக இருக்கும்போது சைக்ளோப்ஸைத் தின்றால், இளம்புழு அதன் சதைக்குள் போய், தவளையாக வளர்ந்த பிறகும் காத்திருக்கும். சாட்டில் இயற்கையாகப் பிடிபட்ட ஒரு தவளைக்குள்ளேயே மெடினென்சிஸ் இளம்புழு கிடைத்தது என்று 2016-இல் ஓர் ஆய்வு வெளிவந்தது.

இங்கிலாந்தின் எக்ஸிடர் பல்கலைக்கழகக் குழு வேறு வழியில் போனது. நாய்களின் கழுத்தில் இடங்காட்டிக் கருவி கட்டி எங்கெல்லாம் போகின்றன என்று பார்த்தார்கள். அவற்றின் மீசை மயிரை எடுத்து, அதில் உள்ள தனிம வகைகளின் விகிதத்தை வைத்து என்ன சாப்பிட்டன என்று கணித்தார்கள். மயிர் வளர வளரச் சாப்பாட்டின் கணக்கும் அதில் எழுதப்பட்டுக்கொண்டே போகும். ஆற்றோர நாய்களின் மயிரில் மீன் தெரிந்தது.

மனித நோயாளிகள் ஏன் சிதறிக் கிடந்தார்கள் என்பதும் இப்போது ஓரளவு பிடிபடுகிறது. ஒரே குளத்துத் தண்ணீர் என்றால் கொத்தாக வரும். சரியாக வேகாத ஏதோ ஒரு மீன் என்றால், அன்று அதைச் சாப்பிட்ட ஒருவருக்கு மட்டும் வரும்.

களத்தில் மாறியவை

நாய்களை மொத்தமாகக் கொல்வது என்ற யோசனைக்கு இங்கே இடமில்லை. நாய் வைத்திருப்பவர் ஒத்துழைத்தால்தான் புழுவே கண்ணுக்கு வரும். கொல்வார்கள் என்று தெரிந்தால் நாயை ஒளித்து வைப்பார்கள். அதனால் புழு வெளிவரும் காலத்தில் நாயைக் கட்டிப்போடுவது, மீன் குடலை மண்ணில் புதைப்பது, மீனை நன்றாக வேகவைப்பது, குட்டைகளில் அபேட் மருந்து ஊற்றி சைக்ளோப்ஸைக் கொல்வது என்று வேலைத்திட்டம் மாறியது. இதில் கஷ்டமானது கட்டிப்போடுவதுதான். புழு முழுவதும் வெளியே வரும்வரை, வாரக்கணக்கில், ஒரு கிராமத்து நாய்க்குத் தினமும் கட்டிய இடத்திலேயே சோறும் தண்ணீரும் வைக்க வேண்டும்.

உலக சுகாதார நிறுவனம் 2020 என்று வைத்திருந்த ஒழிப்பு இலக்கை 2030-க்குத் தள்ளியது. ஒரு நாடு சான்று பெற வேண்டுமானால் இனி மனிதர்களிடம் மட்டுமல்ல, விலங்குகளிடமும் பரவல் நின்றிருக்க வேண்டும். இரண்டும் ஒரே புழுக்கூட்டம் என்று மரபணு காட்டிய பிறகு வேறு எப்படியும் விதி எழுத முடியாது.

எண்கள் இறங்கியிருக்கின்றன. 2019-க்குப் பிறகு வருடா வருடம் குறைந்து, 2022-இல் சாட்டின் நாய்க் கணக்கு ஐந்நூற்றுச் சொச்சம், அடுத்த வருடம் நானூற்றுச் சொச்சம். ஆனால் எல்லைக்கு அப்பால் கேமரூனில், சாட்டை ஒட்டிய கிராமங்களில், விலங்குகளின் எண்ணிக்கை ஏறியிருக்கிறது. அங்கோலாவிலும் நாய்களிடம் கிடைத்தது. ஒவ்வொரு புதுப் புழுவைப் பார்க்கும்போதும் 2010-இல் சாட்டில் எழுந்த அதே கேள்விதான் எழுகிறது: இது பக்கத்திலிருந்து வந்ததா, இல்லை இங்கேயே இருந்ததா? இப்போது அதற்குக் காத்திருக்கத் தேவையில்லை, ஒப்பிட ஒரு குலமரம் கையில் இருக்கிறது. குச்சியில் சுற்றி எடுக்கும் புழுவிலிருந்து ஒரு துண்டு ஆல்கஹால் குப்பிக்குள் போகிறது. ஊர், தேதி, எந்த உயிரிலிருந்து எடுத்தது என்ற விவரமும் அதோடு போகிறது. அந்தக் கடைசி விவரத்தில் பெரும்பாலும் நாய் என்றுதான் இருக்கும், சில சமயம் பூனை, எப்போதாவது ஒரு மனிதர்.